ஒரு மணிக்குள் ஐம்பத்தோராயிரம்

பீட்டரை அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது காலை எட்டரை மணி. கதவருகே ஸ்ட்ரெச்சரை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். அவர் கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி மனைவி லூர்துமேரியிடம் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். கைப்பேசியைக் கொடுக்கும்போது மட்டும் விரல்கள் அதைச் சட்டென்று விடவில்லை.

"போன் வந்தா எடுக்காத மேரி. நான் வந்து பாத்துக்கறேன்."

"உங்க தங்கச்சி பண்ணா?"

"அவ உன் நம்பருக்குப் பண்ணுவா."

பயத்தில் இருக்கிறவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து அவள் தலையசைத்தாள். கட்டைவிரலால் அவர் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினாள்.

பீட்டருக்கு ஐம்பத்தாறு வயது. பொம்மசந்திராவில் ஒரு லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றபடி வேலை செய்தவர். நாளுக்கு நூறு தடவை குனிந்து இரும்பைத் தூக்கியதில் முதுகெலும்பின் அடியில் ஒரு வட்டு நழுவியது. முதலில் பெல்ட் போட்டார், பிறகு ஊசி, பிறகு நீண்ட விடுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் வேலையையே விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஹெப்பகோடி வீட்டில் பகல் முழுக்கக் கட்டில்தான்.

லூர்துமேரி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். பதவி உயர்ந்ததில் ஒரு சங்கடமும் வந்தது. சம்பளம் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு வரம்பை எழுநூறு ரூபாய் தாண்டிவிட்டது. அதனால் முதுகெலும்பில் திருகாணி வைக்கும் ஆபரேஷன் செலவு முழுக்க அவர்கள் தலையில். ஆஸ்பத்திரி இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்றது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் கட்டியாகிவிட்டது. மீதி ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை, சீட்டு எடுத்து, தன் வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தாள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கட்ட வேண்டும்.

மகள் ஜெனிஃபருக்கு அன்று கடைசிப் பரீட்சை. வர வேண்டாம் என்று அவளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் வந்திருந்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஜெபமாலையை எடுத்து இரண்டு பத்து மணிகள்கூட உருட்டியிருக்க மாட்டாள், கைப்பைக்குள் பீட்டரின் போன் அதிர ஆரம்பித்தது. செய்திகள். ஒன்று, இரண்டு, ஐந்து. அப்புறம் அழைப்பு. பெயரில்லாத எண். அவர் சொன்னபடி எடுக்கவில்லை. நின்றது. மறுபடி வந்தது. மூன்றாம் தடவையும் விட்டுவிட்டாள். நான்காம் தடவை, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்ததால், எடுத்தாள்.

ஒரு பெண் கன்னடத்தில் பேசினாள். பீட்டர் சார் இருக்கிறாரா என்று கேட்டாள்.

"அவரு ஆபரேஷன் தியேட்டர்ல கீறாரு. நீங்க யாரும்மா?" லூர்துமேரி பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண்ணும் தமிழுக்கு மாறினாள். "மேடம், நான் பிரிசில்லா. ஷேர் புரோக்கிங் கம்பெனியிலிருந்து பேசறேன். சார் எப்ப வருவாரு?"

"மத்தியானம் ரெண்டு மணி ஆவும்னாங்க. இன்னா விஷயம்?"

"அவர்கிட்டதான் மேடம் பேசணும். அக்கவுண்ட் அவர் பேர்ல இருக்கு. வேற யார்கிட்டயும் விவரம் சொல்லக்கூடாது. மெசேஜ் அனுப்பியிருக்கோம்." சற்றுத் தயங்கி, "ஒரு மணி வரைக்கும்தான் மேடம் டைம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஷேர் என்ற வார்த்தை வீட்டில் புழங்கியதே இல்லை. பீட்டர் பகலில் போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார் என்று தெரியும். கிரிக்கெட்டோ வீடியோவோ என்று நினைத்திருந்தாள். போனைத் திறக்கும் எண் ஜெனிஃபர் பிறந்த தேதி. பீட்டருக்கு எல்லாவற்றுக்கும் அதே எண்தான். திறந்தாள்.

மேலே இருந்த செய்தியை மூன்று தடவை படித்தாள். மார்ஜின் பற்றாக்குறை ஐம்பத்தோராயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். பகல் ஒரு மணிக்குள் பணம் வராவிட்டால் கணக்கிலுள்ள ஆயிரத்து இருநூற்று ஐம்பது பங்குகள் விற்கப்படும். ஒரு வால்வு கம்பெனியின் பெயர். பங்கு விலை முந்நூற்று எண்பத்தைந்து.

கீழே கீழே தள்ளிப் படித்தாள். ஆறு வாரத்துக்கு முன் அதே பங்குகளை ஒவ்வொன்றும் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தார். மொத்தம் ஆறே கால் லட்சம். அதில் அவர் பணம் இரண்டரை லட்சம். பட்டறையில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம். மீதி மூன்றே முக்கால் லட்சம் கம்பெனி கொடுத்த கடன். இன்னும் கீழே, போன ஆகஸ்டில், வேறு ஏதோ பங்கு விற்று லாபம் முப்பத்தோராயிரத்து நானூறு. ஆகஸ்டில்தான் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. பட்டறை பாக்கி வந்தது என்று பீட்டர் சொன்னார். மெஷினை இறக்கி வைத்த அன்று, வலியையும் பொருட்படுத்தாமல் எழுந்து நின்று, அவள் சேலையைத் தானே போட்டு ஓட்டிக் காட்டினார்.

பிறகு வெள்ளிக்கிழமை வந்த செய்தி கண்ணில் பட்டது. "முப்பத்தைந்தாயிரம் பெறப்பட்டது."

வெள்ளிக்கிழமை அவள் வேலையில் இருந்தபோது பீட்டர் போன் செய்து, ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள், முப்பத்தைந்தாயிரம் அனுப்பு என்றார். அவள் லைனில் ஒரு மெஷின் நின்றிருந்த நேரம். ஏன் என்றுகூடக் கேட்காமல், நின்றபடியே அனுப்பினாள்.

லூர்துமேரி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். லட்சங்கள் அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. அந்த முப்பத்தைந்தாயிரம் மட்டும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருஷக் குடும்பத்தில் அவர் குடித்திருக்கிறார், கோபித்திருக்கிறார், ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தும் இருக்கிறார். உடம்பைச் சொல்லிப் பொய் சொன்னதில்லை.

பத்தரை மணிக்கு அவளே அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டாள். மூன்று பேரைக் கடந்து பிரிசில்லா வந்தாள்.

"எனக்கு இது ஒண்ணுமே புரியலம்மா. மெசேஜு பூரா படிச்சிட்டேன். இன்னா நடக்குதுன்னு சொல்லு. நான் ஏழாங்கிளாசு."

"மேடம், சாரோட அக்கவுண்ட பத்தி நான் பேச முடியாது. கால் ரெக்கார்ட் ஆவுது." குரல் தாழ்ந்தது. "நீங்க கோலார் பக்கமா?"

"கே.ஜி.எஃப். மாரிகுப்பம்."

"நான் பக்கத்துல ஆண்டர்சன்பேட்டை ஆண்ட்டி." மேடம் ஆண்ட்டியாகிவிட்டது. "சரி, ஒண்ணு செய்யலாம். மார்ஜின்னா இன்னான்னு பொதுவா கேளுங்க. அத யார் கேட்டாலும் சொல்லலாம்."

"பொதுவாவே சொல்லு."

"ஒருத்தர்கிட்ட நாப்பது ரூபா இருக்கு. கம்பெனி அறுவது ரூபா கடன் குடுக்குது. நூறு ரூபாய்க்கு ஷேர் வாங்கறாரு. அந்த ஷேர் கம்பெனிகிட்ட அடமானமா இருக்கும். நூறு நூத்தி இருவது ஆச்சுன்னா அந்த இருவதும் அவருக்கே. கம்பெனிக்கு வட்டி மட்டும்தான். நாப்பது ரூபா போட்டு இருவது சம்பாதிச்ச மாதிரி."

"எறங்கினா?"

"நூறு எழுவத்தஞ்சு ஆச்சுன்னா கம்பெனியோட அறுவது அப்படியே நிக்கும். கொறையறது பூரா அவரோட நாப்பதுலதான். பதினஞ்சுதான் மிஞ்சும். அதுவும் போச்சுன்னா கம்பெனி பணத்துல கை வெக்கணும் இல்லையா? அதுக்கு முன்னாடியே போன் பண்ணி, இன்னும் பணம் போடுங்கன்னு கேப்பாங்க. போடலன்னா வித்து, கடன எடுத்துக்கினு, மிச்சத்தக் குடுத்துடுவாங்க."

"அப்புறம் எதுக்கும்மா இத வாங்கறாங்க?"

"நல்லதாவும் நடக்கும் ஆண்ட்டி. பத்து நாள்ல கைக்குப் பணம் வரப்போவுது, வெல இன்னிக்குதான் கம்மியா இருக்குன்னா, சிலர் இதுல வாங்கிட்டுப் பணம் வந்ததும் கடன அடச்சிடுவாங்க. அளவாப் போட்டு, கையில கொஞ்சம் மிச்சம் வெச்சிக்கினு பண்றவங்க இருக்காங்க. ஒரே ஷேர்ல இருக்கறத பூரா போட்டு மாட்டிக்கறவங்களுக்குத்தான் நான் தெனம் போன் பண்றேன்."

"இன்னிக்கு எத்தினி பேருக்கு?"

"நூத்தி நாப்பது பேர் என் லிஸ்ட்ல."

"அந்த ஒருத்தரு இன்னிக்குக் கேட்ட பணத்தப் போட்டுட்டாருன்னு வெச்சிக்கோ. நாளைக்கு மறுபடி கேப்பீங்களா?"

"வெல இன்னும் எறங்கினா கேப்போம். எறங்குமா ஏறுமான்னு யாராலயும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்சா நான் இந்த வேலையிலயா இருப்பேன்?" பிரிசில்லா லேசாகச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள். "சாருக்கு நல்லபடியா ஆவட்டும் ஆண்ட்டி. இத ரெக்கார்ட்ல கேட்டாலும் பரவால்ல."

பதினொன்றரை மணிக்கு லூர்துமேரி கேன்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். தன் போனை எடுத்து, பீட்டரின் கணக்குக்கு ஐம்பத்தோராயிரத்து இருநூற்று ஐம்பது என்று அடித்தாள். தன்னிடமிருந்து அவர் கணக்குக்கு, அங்கிருந்து கம்பெனிக்கு. ஐந்து நிமிட வேலை. ரகசிய எண்ணைக் கேட்டுத் திரை காத்திருந்தது.

அந்த வால்வு கம்பெனியின் பெயர் அவளுக்குத் தெரியாததல்ல. பட்டறைக்கு வேலை அங்கிருந்துதான் வரும். "அவங்க வால்வு தண்ணிக்குள்ள முப்பது வருஷம் கெடந்தாலும் ஒழுகாது" என்று பீட்டர் சொல்லியிருக்கிறார். தன் கையால் கடைந்த பொருள் என்பதால் நம்பி வாங்கியிருக்கிறார். அந்த நம்பிக்கையை அவர் மயங்கிக் கிடக்கும் நேரத்தில் அவள் விற்கவிடுவதா? கண் விழித்ததும், என் பணத்தைக் காப்பாற்ற உனக்கு மனசு வரலையா என்று கேட்டால்?

ஆனால் வெள்ளிக்கிழமை போட்ட முப்பத்தைந்தாயிரம் திங்கட்கிழமை காலைவரைகூடத் தாங்கவில்லை. அவள் லைனில் ஊசி உடைந்தால் மாற்றச் சொல்வாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு ஊசி உடைந்தால் மெஷினையே நிறுத்தச் சொல்வாள். மேலதிகாரி வந்து கத்தினாலும் நிறுத்திவிடுவாள். இப்போது கையிலிருப்பது பீட்டரை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே கூட்டிப்போகும் பணம். இன்றைக்குப் பாதி, நாளைக்கு மீதி என்று போய்விட்டால், முதுகில் திருகாணியோடு இருக்கும் மனிதனை எங்கே படுக்க வைப்பது?

ரகசிய எண்ணை அடிக்காமல் திரையை மூடினாள். டீ ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே குடித்தாள்.

ஒரு மணி ஆனபோது எழுந்து ஜன்னலோரம் நின்றாள். ஒன்று பத்துக்குப் பீட்டரின் போன் அதிர்ந்தது. முந்நூற்று எழுபத்திரண்டு ரூபாய் விலையில் எல்லாப் பங்குகளும் விற்கப்பட்டிருந்தன. கடனும் வட்டியும் போக மிஞ்சியது ஒரு லட்சத்து இருபத்தோராயிரம். பங்கின் விலை விழுந்தது கால்வாசி. அவர் போட்ட பணத்தில் போனது பாதிக்கு மேல்.

ஒன்றே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, கால் விரல்களை அசைக்கிறார் என்றார். அப்போதுதான் லூர்துமேரிக்கு அழுகை வந்தது. எதற்காக அழுகிறாள் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். பீட்டர் பாதி மயக்கத்தில் இருந்தார். அவளைப் பார்த்ததும் உலர்ந்த உதட்டைத் திறந்து, "எவ்ளோ?" என்றார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் வீணா பில்லைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். கன்னடம் கலந்த தமிழில், "பில்லு ஏனு அவசரம் அப்பாஜி? சுவல்ப, கொஞ்சம் தூங்குங்க" என்று போர்வையை இழுத்துவிட்டாள். லூர்துமேரி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டைத் துடைத்தாள்.

இரண்டு நாள் அவர் போனைக் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்கு உறுத்தியது. மூன்றாம் நாள் காலை பிசியோதெரபிஸ்ட் வந்து அவரைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வலியில்லாமல் நேராக நின்றார். மறுபடி படுக்க வைத்துவிட்டு எல்லோரும் போன பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போன் எங்க?"

"என் பையில."

"சார்ஜ் இருக்கா?"

"இருக்கு." அவள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வித்துட்டாங்க."

அவர் கண் அசையவில்லை. "எவ்ளோவுக்கு?"

"முந்நூத்தி எழுவத்திரண்டு."

உதடுகள் அசைந்தன. "ஒண்ணு இருவது மிஞ்சியிருக்கும்."

"ஒண்ணு இருவத்தொண்ணு."

"போன் பண்ணாங்களா?"

"ஒரு மணிக்குள்ள அம்பத்தோராயிரம் கட்டச் சொன்னாங்க. எங்கிட்ட இருந்திச்சி. நான் போடல. உங்கள இங்கருந்து கூட்டினு போறதுக்கு வெச்ச பணம். மனசு வரல."

அவள் இதோடு நிறுத்திவிட நினைத்தாள். முடியவில்லை.

"பணம் போனா போவட்டும். வெள்ளிக்கிழம ஸ்கேனுக்குன்னு கேட்டீங்களே. அன்னிக்கு ராத்திரி பூரா நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? எதையோ கண்டுபுடிச்சிட்டாங்க, அதான் இன்னொரு ஸ்கேனு, எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். ஷேருக்குன்னு கேட்டிருந்தா திட்டிட்டாவது குடுத்திருப்பேன்."

பீட்டரின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தார். முதுகில் கட்டோடு அவரால் சுவர் பக்கம் புரள முடியவில்லை. அப்படியே மல்லாந்து, மறைக்க இடமில்லாமல் அழுதார். லூர்துமேரி எழுந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். பிறகு அவருக்கு முதுகு காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கீழே வாகன நிறுத்தத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில நீ டிபன் டப்பா எடுத்துக்கினு போவ" என்று பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "கதவு சாத்தற சத்தம் கேக்கும். அப்புறம் சாயந்தரம் ஏழு மணி வரைக்கும் இன்னா பண்றதுன்னு தெரியாது. ஒம்பதேகாலுக்கு மார்க்கெட் தொறக்கும், மூணரைக்கு மூடும். அதுவே எனக்கு ஷிஃப்ட்டு மாதிரி ஆயிடுச்சி. மொதல்ல என் காசுலதான் பண்ணேன். அஞ்சாயிரம், பத்தாயிரம். அப்புறம் கடன்ல வாங்கலாம்னு தெரிஞ்சுது. மொத தடவ நல்லா வந்திச்சி."

"வாஷிங் மெஷினு."

"ஆமா. நீ துணி கசக்கி கசக்கிக் கையெல்லாம் வெடிச்சிருந்திச்சி. அது வந்த அன்னிக்கு நான் மறுபடி சம்பாதிக்கிற ஆளுன்னு தோணிச்சி. அதுலயே நிறுத்தியிருக்கணும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஏன்னு கேப்ப. ஏன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சி. பொண்டாட்டி சம்பளத்துல படுத்துக் கெடக்கறேன், அதனாலன்னு எப்படிச் சொல்றது?"

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் அவர் காதோரத்தைத் துடைத்தாள். "நீங்க இருவத்திரண்டு வருஷம் நின்னீங்க. நான் கேட்டனா? எனக்கு ரெண்டு வருஷம்தான் ஆவுது. அதுக்குள்ள கணக்குப் பாக்கறீங்க."

சனிக்கிழமை பில் கட்டி வீட்டுக்கு வந்தார்கள். மிஞ்சிய ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்தைப் பீட்டர் அவள் கணக்குக்கு அனுப்பினார். அதில் முப்பத்தைந்தாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவருக்கே திருப்பி அனுப்பினாள். அவள் எதிரிலேயே உட்கார்ந்து கம்பெனிக்குப் போன் செய்து, கடனில் வாங்கும் வசதியை அவர் நிறுத்தச் சொன்னார். அன்று எடுத்தவள் பிரிசில்லா அல்ல, வேறு யாரோ.

அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. காலையும் மாலையும் பீட்டர் பாயில் படுத்துக் காலைத் தூக்கி இறக்க வேண்டும். லூர்துமேரி சமைத்துக்கொண்டே எண்ணுவாள். பதினைந்தை எட்டியதும் அவர் ஏமாற்றப் பார்ப்பார். இருபது என்று அவள் பிடிவாதமாக இருப்பாள். ஜெனிஃபருக்கு ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி வேலை கிடைத்தது. நாட்கள் சுமாராகவே போயின.

ஆனால் லூர்துமேரிக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. தொழிற்சாலையில் டீ நேரத்தில் போனை எடுத்து அந்த வால்வு கம்பெனியின் பங்கு விலையைப் பார்ப்பாள். விற்ற மறுநாள் செவ்வாய்க்கிழமை அது முந்நூற்று நாற்பத்தொன்றுவரை போயிருந்தது. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் நானூறைத் தொட்டது. பிறகு நானூற்று முப்பது. ஐந்தாம் வாரம் நானூற்று எழுபது. அன்று டீயை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை ஐம்பத்தோராயிரம், செவ்வாய்க்கிழமை இன்னொரு முப்பத்து மூவாயிரம் கேட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்தாலும் அவளிடம் இருந்தது. போட்டிருந்தால் போன பணத்தில் முக்கால்வாசி திரும்பியிருக்கும். தாளைக் கிழித்துப் போட்டாள். அவருக்குத் தெரியக்கூடாது என்று முடிவு செய்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்தபோது, பீட்டர் டி.வி.யில் எதையோ பார்த்துக்கொண்டிருந்து, கதவுச் சத்தம் கேட்டதும் சட்டென்று சேனலை மாற்றினார். வந்த சேனலில் யாரோ வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை ஆர்வமாகப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார்.

லூர்துமேரி முக்காட்டை மடித்து வைத்தாள். "நாநூத்தி எழுவது" என்றாள்.

பீட்டர் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெனம் பாக்கறேன். உங்களுக்கு?"

"நானும்தான்." ரிமோட்டைக் கீழே வைத்தார். "உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவன்னு சொல்லல."

"நானும் அதுக்குத்தான் சொல்லல." அவள் குரல் உடைந்தது. "அந்தப் பணத்தப் போட்டிருக்கலாம். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். எங்கிட்ட இருந்திச்சி. என் பயத்தாலதான் போச்சு."

"இங்க வா."

அவள் போகவில்லை. அவரே கட்டிலின் ஓரத்தைப் பிடித்து, டாக்டர் சொன்னபடி மெதுவாகப் பக்கவாட்டில் எழுந்து, அவளிடம் நடந்து வந்தார்.

"திங்கக்கிழம காலையில அது ஏறும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. நான் முழிச்சிக்கினு இருந்தா போட்டிருப்பேன். ஆஸ்பத்திரி காசையும் போட்டிருப்பேன், உன் கம்மலையும் கேட்டிருப்பேன். அது முந்நூறுக்குப் போயிருந்தா மொத்தமும் போயிருக்கும். நல்லவேள, மயக்கத்துல இருந்தேன்." சிரிக்கப் பார்த்தார். "கடன் வாங்காம என் காசுக்கு மட்டும் வாங்கியிருந்தா இன்னிக்கும் அந்த ஐந்நூறு ஷேர் என்கிட்டயே இருக்கும். எவ்ளோ விழுந்தாலும் எவனும் போன் பண்ணியிருக்க மாட்டான். தப்பு அங்க. உன்கிட்ட இல்ல. இத உனக்கு மொத நாளே சொல்லியிருக்கணும்."

லூர்துமேரி அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கனமாகச் சாயக்கூடாது என்ற நினைப்பும் இருந்தது. டி.வி.யில் வெண்டைக்காயை எண்ணெயில் போட்டார்கள்.

ஜூன் மாதம் பீட்டருக்கு அரைநாள் வேலை கிடைத்தது. பொம்மசந்திராவில் கிருஷ்ணப்பா என்பவரின் சின்னப் பட்டறை. எதையும் தூக்க வேண்டியதில்லை. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, கடைந்து வரும் பொருட்களை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் பன்னிரண்டாயிரம். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு கம்பெனியின் இரண்டு பங்குகளை வாங்கிக்கொள்ளட்டுமா என்று முன்கூட்டியே அவளைக் கேட்டார். எந்தக் கம்பெனி, ஏன் என்று அரை மணி நேரம் விசாரித்த பிறகு சரி என்றாள்.

வேலைக்குச் சேரும் நாள் இருவரும் சேர்ந்து ஹெப்பகோடி மெட்ரோ நிலையத்துக்கு வந்தார்கள். அவருக்கு ஒரே ஸ்டேஷன் தூரம்தான் என்றாலும் ஆட்டோவில் குலுங்கிப் போக அவள் விடவில்லை. அவள் போக வேண்டியது நகரத்தின் பக்கம், அவர் போக வேண்டியது எதிர்ப்பக்கம். டிபன் டப்பாவை அவர் கையில் கொடுத்து, இடுப்பு பெல்ட் சரியாக இருக்கிறதா என்று சட்டைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றார் பீட்டர்.

"பாக்கட்டும்."

அவர் எதிர்ப் பிளாட்பாரத்தில் ஏறி வந்து நின்றபோது இடையில் தண்டவாளம் மட்டும் இருந்தது. அவளுடைய வண்டி முதலில் வந்தது. கதவுகள் திறந்தன, ஆட்கள் ஏறினார்கள், கதவுகள் மூடின. வண்டி நகர்ந்ததும் அவள் அங்கேயே நிற்பதைப் பீட்டர் பார்த்தார். ஏன் ஏறவில்லை என்று கையால் கேட்டார். அவள் பதிலுக்கு, ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள்.

சற்று நேரத்தில் அவருடைய வண்டி வந்தது. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுப்பதும், அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பிறகு உட்காருவதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

வண்டி போன பிறகு லூர்துமேரி தொழிற்சாலைக்குப் போன் செய்து, இன்று கொஞ்சம் தாமதமாகும், லைனை ஆரம்பித்துவிடுங்கள் என்று சொன்னாள்.